திருடர்களுக்கு ஒரு கடிதம்

சென்ற தை மாதம் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து, இலை போடுவதற்காகக் காத்துக் கொண்டிருந்த நேரம். பக்கத்து நாற்காலிக்காரர் என்னை இரண்டு மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு துணிந்து விட்டார்.

"மன்னிக்கணும். ஸார் கதை எழுதுகிறவர் தானே? பெண்ணின் மாமா சொன்னார்."

ஆமாம் என்றேன். இந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்வதில் எந்த எழுத்தாளனுக்கும் சிரமம் இருந்ததில்லை.

அவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் நாவல் ஒன்றை இரண்டு தடவை படித்திருந்தார். அதில் வரும் பெரியம்மா தம்முடைய அத்தையை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள் என்றார். பதினேழாவது அத்தியாயத்தில் அழுதே விட்டாராம். நான் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "புத்தகத்தை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"வாங்குவதா? இதோ இருக்கிறதே!" என்று சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு புண்ணியவான் நாவலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஒன்றாகக் கோத்திருந்தார். முதல் பக்கத்தை மட்டும் விட்டு விட்டார். என் பெயர் இருந்த பக்கம் அது. "ஒரு சிநேகிதர் அனுப்பினார். நானும் என் பங்குக்கு நாற்பது பேருக்கு அனுப்பி விட்டேன், ஸார்!" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார். சொன்னேன். வேறென்ன செய்வது?

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். புத்தகத்தின் விலை 350 ரூபாய். நூற்றுக்குப் பத்து எனக்கு. நாற்பது பேர். 1,400 ரூபாய் அந்தக் கல்யாண மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியிலேயே போய் விட்டது. வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் பொறுமினேன். அவள் அரிசி களைந்து கொண்டிருந்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்காமல் கேட்டாள்:

"நாம் முதல் முதலில் கம்ப்யூட்டர் வாங்கினோமே, அதற்குள்ளே கடைக்காரப் பையன் எதையெல்லாமோ நிரப்பிக் கொடுத்தான். அதற்கெல்லாம் நீங்கள் காசு கொடுத்தீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை. கொடுக்கவில்லை என்பது தான் பதில். கம்ப்யூட்டரின் பெட்டிக்கும் திரைக்கும் விசைப் பலகைக்கும் பைசா பாக்கி இல்லாமல் கொடுத்தேன். அதை இயக்கும் புரோகிராம், எழுதுவதற்கான புரோகிராம், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அந்தப் பையன் ஒரு தட்டிலிருந்து 'ஃப்ரீயாகப் போட்டு விடுகிறேன், ஸார்' என்று ஏற்றிக் கொடுத்தான். யாரும் பார்த்து அழுத பதினேழாவது அத்தியாயத்தை நான் அந்தத் திருட்டுச் சரக்கில் தான் எழுதினேன்.

ஆகவே நான் பறிகொடுத்தவன், பறித்தவனும் நானே. இந்த இரட்டை வேஷத்தில் ஒரு பழைய சண்டை ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு நடந்த சண்டை. கம்ப்யூட்டர் தொழிலைப் பற்றி இன்று யார் எங்கே வாதாடினாலும், தோண்டிப் பார்த்தால் அடியில் அந்தச் சண்டை தான் கிடக்கிறது.

*

முதலில் யந்திரத்தைச் சொல்ல வேண்டும். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க மாதப் பத்திரிகையின் அட்டையில் ஒரு நீலப் பெட்டியின் படம் வெளியாயிற்று. அதன் பெயர் ஆல்டேர் 8800. நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஆல்பகர்க்கி என்ற ஊரில் மிட்ஸ் என்ற சிறு கம்பெனி அதைச் செய்தது. முதலாளி எட் ராபர்ட்ஸ். அவருடைய கால்குலேட்டர் வியாபாரம் போட்டியில் நொடித்து, கம்பெனி கடனில் முழுகிக் கொண்டிருந்தது. கடைசித் துரும்பாக அவர் பிடித்தது தான் இந்தப் பெட்டி. சில நூறு பேர் வாங்கினால் பிழைத்தோம் என்று நினைத்தார். ஆயிரக் கணக்கில் ஆர்டர்கள் வந்து குவிந்தன.

அதுவரை கம்ப்யூட்டர் என்றால் சர்க்காருக்கும் சர்வகலாசாலைக்கும் பெரிய கம்பெனிக்கும் உரிய பொருள். குளிர்சாதன அறையில் இருக்கும்; வெள்ளைச் சட்டை போட்டவர்கள் காவல் இருப்பார்கள். இந்தப் பெட்டியோ சுமார் 400 டாலர். தனி மனிதன் தபாலில் வரவழைத்துத் தன் வீட்டு மேஜையில் வைத்துக் கொள்ளலாம். அதற்காகவே ஜனங்கள் பணம் அனுப்பினார்கள்.

வந்ததோ உதிரிச் சாமான்கள். உட்கார்ந்து பற்ற வைத்து நாமே பூட்ட வேண்டும். பூட்டி முடித்தாலும் திரை கிடையாது; விசைப் பலகை கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளும் இருக்கும். ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளி அதற்கு உத்தரவு கொடுக்க வேண்டும். அதன் ஞாபக சக்தி 256 எழுத்து. ஒரு போஸ்ட் கார்டில் அடங்கி விடும். விளக்குகள் மினுக்கும். அவ்வளவு தான்.

ஆனாலும் பிரியம் வந்து விட்டால் கேட்க வேண்டுமா? கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவருடைய கார் ஷெட்டில் 1975 மார்ச் 5-ந் தேதி முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். வீட்டிலேயே காய்ச்சிய சரக்கு என்று அர்த்தம். மதுவிலக்குக் காலத்துத் தமிழ்நாட்டில் இப்படிப் பெயர் வைத்திருந்தால் முதல் கூட்டத்துக்கே போலீஸ் வந்திருக்கும்!

இதைக் கூட்டியவர்களில் ஃப்ரெட் மூர் என்ற ஒருவரை நாம் கவனிக்க வேண்டும். 1959-ல் கல்லூரி மாணவனாக இருந்தபோது, கட்டாய ராணுவப் பயிற்சி கூடாது என்று சர்வகலாசாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர். பிறகு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். பணத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் ஊர் சர்வோதய ஆசிரமம் ஒன்றில் அவரைக் கொண்டு வந்து உட்கார வைத்திருந்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திராது.

சங்கமும் அப்படியே நடந்தது. ஒருவர் தமக்குத் தெரிந்த நுணுக்கத்தைச் சொல்வார். இன்னொருவர் தம்மிடம் மிகுந்த சாமானைக் கொடுப்பார். ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஒரு நாள் ஆல்டேர் பெட்டியின் மேல் சின்ன ரேடியோ ஒன்றை வைத்தார். யந்திரம் ஓடும்போது ரேடியோவில் உண்டாகும் இரைச்சலையே ஸ்வரமாக்கி, பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டி விட்டார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள வாலிபர் தாம் வரைந்த கம்ப்யூட்டரின் வரைபடத்தையே பிரதி எடுத்து இலவசமாக விநியோகம் செய்தார். அந்த வரைபடம் தான் பிறகு ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்கு ஆயிற்று.

*

இனி இன்னொரு கட்சிக்கு வருகிறேன். அதே ஜனவரிப் பத்திரிகையை ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு அருகில் ஒரு கடையில் வாங்கிக் கொண்டு ஓடினார் பால் ஆலன் என்ற வாலிபர். ஓடியது தம் சிநேகிதர் பில் கேட்ஸின் அறைக்கு. கேட்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பது. யந்திரம் வந்து விட்டது. அதற்குப் பேசத் தெரியவில்லை. பேசக் கற்றுக் கொடுத்தால் என்ன?

ஸ்விட்சுகளைத் தள்ளிக் கொண்டிராமல், ஏறக்குறைய ஆங்கிலம் போலவே இருக்கும் எளிய வார்த்தைகளில் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுக்க 'பேசிக்' என்ற மொழி முன்பே இருந்தது. அந்த மொழியை ஆல்டேருக்குப் புரியும்படி பெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷியும் ஒரு புரோகிராம் தான். அதை இவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். ஆல்டேரை இருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 என்ற பெரிய கம்ப்யூட்டரை, கையேட்டைப் பார்த்துப் பார்த்து, ஆல்டேர் போல நடிக்க வைத்தார்கள். கணக்குப் பகுதியை எழுத மான்டி டேவிடாஃப் என்ற மாணவரைச் சேர்த்துக் கொண்டார்கள். இரண்டே மாதம். மொழி பெயர்ப்பு முழுவதும் 4,096 எழுத்து கொள்ளும் இடத்துக்குள் அடங்க வேண்டும். உபயோகிப்பவருக்கும் அதற்குள்ளேயே கொஞ்சம் இடம் விட வேண்டும். இந்த நெருக்கடி எப்படிப்பட்டது என்பது, பத்திரிகையில் 'இரண்டே பக்கம் தான்' என்று இடம் கொடுக்கப்பட்ட கதாசிரியனுக்குத் தெரியும்.

ஆலன் காகித நாடாவில் அதைத் துளையிட்டு எடுத்துக் கொண்டு ஆல்பகர்க்கிக்கு விமானம் ஏறினார். விமானம் இறங்கும் சமயம் தான் ஞாபகம் வந்தது: நாடாவை யந்திரத்துக்குள் ஏற்றுவதற்கான சிறு புரோகிராமை எழுத மறந்தாயிற்று! ஆசனத்தில் உட்கார்ந்தபடியே எழுதினார். ஆல்டேரில் ஏற்றினார்கள். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார்கள். நான்கு என்றது யந்திரம். உலகத்தில் இதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்காக யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மிட்ஸ் கம்பெனி இதை விற்க ஒப்பந்தம் செய்து கொண்டது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர்களுக்குப் பங்கு. எங்கள் ராயல்டி மாதிரியே தான். கேட்ஸும் ஆலனும் 'மைக்ரோ-சாஃப்ட்' என்று, நடுவில் ஒரு கோடு போட்டு, கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள்.

மிட்ஸ் வைத்த விலையில் தான் வினை ஆரம்பித்தது. பேசிக்கைத் தனியாக வாங்கினால் 500 டாலர். யந்திரமே 400 டாலர்! மிட்ஸ் விற்கும் நினைவுப் பலகையையும் சேர்த்து வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் அந்தப் பலகைகள் சரியாக வேலை செய்வதில்லை என்று ஊர் முழுவதும் புகார். நல்ல பலகையை வேறு ஆளிடம் வாங்கினால் பேசிக்குக்கு 500 டாலர் அழ வேண்டும். பணம் கட்டி விட்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

1975 ஜூன் மாதம் மிட்ஸ் கம்பெனி தன் யந்திரத்தை ஒரு வண்டியில் ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டியது. பாலோ ஆல்டோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் காட்சி. அங்கே ஆல்டேர் பேசிக்கில் பேசிக் கொண்டிருந்தது. பார்க்க வந்த ஹோம்புரூ சங்கத்தார் வாயைப் பிளந்தார்கள். அப்போது தரையில் கிடந்த ஒரு காகித நாடா எப்படியோ ஒருவர் கைக்குப் போய் விட்டது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு பெட்டி நிறைய நாடாப் பிரதிகள் வந்து இறங்கின. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒன்று எடுத்துக் கொண்டு போகிறவர் இரண்டாகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும்! வட்டிக் கடைக்காரர்கள் கூட இவ்வளவு கேட்டதில்லை.

*

அடுத்த வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி போட்டு பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு என்று விலாசம். மிட்ஸின் பத்திரிகையிலும் ஹோம்புரூ சங்கத்தின் செய்தி மடலிலும் வேறு பலவற்றிலும் அது வெளி வந்தது. எழுதியவருக்கு வயது இருபது.

கடிதத்தின் சாராம்சம் இது: பேசிக்கை எழுத இரண்டு மாதம் தான் ஆயிற்று, ஆனால் மூன்று பேருமாக வருஷத்தின் பெரும் பகுதியை அதைத் திருத்துவதிலும் விளக்கம் எழுதுவதிலும் செலவிட்டோம். உபயோகித்த கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல். எல்லோரும் பிரமாதம் என்று எழுதுகிறார்கள். ஆனால் ஆல்டேர் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இதை விலை கொடுத்து வாங்கவில்லை. வந்த ராயல்டியைக் கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர் கூடத் தேறவில்லை. நீங்களெல்லாம் யந்திரத்துக்குக் காசு கொடுப்பீர்கள், புரோகிராமைத் திருடுவீர்கள். சும்மா கொடுப்பதற்காக எவன் மூன்று ஆள்-வருஷ உழைப்பைப் போடுவான்?

'திருட்டு' என்ற வார்த்தையை அவர் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. கடைசியில், பாக்கியை அனுப்ப விரும்புகிறவர்களுக்காகத் தம் விலாசத்தையும் கொடுத்திருந்தார்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் மேல் அனுதாபமே உண்டாயிற்று. 'எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். காசு தான் வரவில்லை' என்ற அந்த இடம் இருக்கிறதே, திருச்சிக் கல்யாணத்தில் என் வயிற்றில் புரண்டதும் அதே வாக்கியம் தான்.

ஆனால் பதில்களையும் படிக்க வேண்டுமல்லவா?

பதில்கள் சரமாரியாக வந்தன. வாங்கியவனையும் வாங்காதவனையும் ஒரே தட்டில் வைத்துத் திருடன் என்று கூப்பிட்டால் எவனுக்குத் தான் கோபம் வராது? வாடிக்கைக்காரனைத் திட்டி விட்டு எந்தக் கடை நடந்தது என்று ஒருவர் கேட்டார். ஹால் சிங்கர் என்ற சிறு பத்திரிகை ஆசிரியர் வேறு மாதிரி மடக்கினார். நாற்பதாயிரம் டாலர் பெறும் கம்ப்யூட்டர் நேரம் என்கிறீரே, அது யார் வீட்டுக் கம்ப்யூட்டர்? ஹார்வர்டில் ஜனங்களின் வரிப் பணத்தில் ஓடியதில்லையா? அதில் செய்த பண்டத்தை விற்கலாமா? கேள்வி சும்மா விழவில்லை. அந்தப் பெரிய யந்திரம் ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் ஓடியது தான்.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. எனக்கு அது தான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. பேசிக் என்ற மொழி யாருடையது? அது கேட்ஸ் கண்டுபிடித்ததல்ல. டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரை உபயோகிக்கட்டும் என்று 1964-ல் செய்து, உலகத்துக்குச் சும்மா கொடுத்த மொழி. அவர்கள் மணிக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்திருந்தால் ஆல்பகர்க்கியில் விற்பதற்குச் சரக்கே இருந்திராது. பெரிய கம்பெனியான ஐ.பி.எம். கூட 1969 வரையில் புரோகிராமுக்குத் தனி விலை வைத்ததில்லை. யந்திரத்தோடு இனாமாகவே கொடுத்து வந்தது. தேங்காய் வாங்கினால் கறிவேப்பிலை போல. கறிவேப்பிலைக்குக் காசு கேட்டால் முதலில் சண்டை தான் வரும்.

சட்டமும் அப்போது தெளிவாக இல்லை. புரோகிராமுக்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்கா விளக்கமாகச் சட்டம் செய்தது 1980-ல். நம் நாட்டில் 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கம்ப்யூட்டர் புரோகிராமையும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகுப்பில் சேர்த்தார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் பில் கேட்ஸும் நானும் ஒரே ஜாதி. வருமானத்தில் தான் கொஞ்சம் வித்தியாசம்.

*

இப்படி இரண்டு பக்கமும் வாதம் முற்றிக் கொண்டிருந்தபோது, மூன்றாவது கட்சி ஒன்று சத்தமில்லாமல் வேலை செய்து கொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள் தான்.

மென்லோ பார்க்கிலேயே ஒரு சிறு பத்திரிகை. 500 டாலர் என்று வயிறெரிவதை விட நாமே ஒரு குட்டி பேசிக்கை எழுதிக் கொண்டால் என்ன என்று அதில் டென்னிஸ் ஆலிஸன் என்ற ஆசிரியர் வழி போட்டுக் கொடுத்தார். வாசகர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி அனுப்பினார்கள். அவற்றை வெளியிடுவதற்கென்றே 1976 ஜனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்ற தனிப் பத்திரிகை தொடங்க வேண்டியதாயிற்று. பேசிக்கின் முழு வரிகளையும் அச்சிட்டு விடுவார்கள். வேண்டியவர்கள் பார்த்து எழுதிக் கொள்ளலாம். நம் வீடுகளில் பத்திரிகையில் வந்த சமையல் குறிப்பை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கொள்வதில்லையா, அது போல.

லீ-சென் வாங் என்பவர் தம் குட்டி பேசிக்கின் தலைப்பில், பதிப்புரிமை வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கேலியாகப் போட்டார்: 'காப்பிரைட்' இல்லை, 'காப்பிலெஃப்ட்', எல்லாத் தவறுகளும் எமக்கே சொந்தம்! டாம் பிட்மன் என்பவர் வேறு வழியில் போனார். கேட்ஸ் சொல்வது போல ஜனங்கள் எல்லோரும் திருடர்கள் தானா, பார்த்து விடுவோம் என்று, தாம் எழுதிய பேசிக்கை ஐந்து டாலருக்கு விற்றார். ஐந்நூறு அல்ல, ஐந்து. ஜனங்கள் பணம் அனுப்பி வாங்கினார்கள். டாக்டர் டாப்ஸின் ஆசிரியர் ஜிம் வாரன் அந்த வருஷம் ஜூலையில் இதை விளக்கி எழுதினார்: பிரதி எடுக்கும் சிரமத்தை விட வாங்கும் செலவு குறைவாக இருந்தால் திருட்டுக்கே இடமில்லை என்று.

கேட்ஸ் ஏப்ரலில் இரண்டாவது கடிதம் எழுதினார். இதுவே கடைசி என்று சொல்லி எழுதினார். பெரும்பாலோர் நேர்மையான புத்திசாலிகள் தாம் என்று அதில் ஒப்புக் கொண்டார். இருபது வயதில் இரண்டு மாதத்துக்குள் இவ்வளவு இறங்கி வருவது லேசான காரியமல்ல.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. திருட்டு நாடாக்கள் எங்கும் பரவியதால், வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் மைக்ரோசாஃப்டின் பேசிக் தான் என்று ஊரெல்லாம் பழகி விட்டது. 1977 முதல் பெரிய கம்பெனிகள் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தபோது, பேசிக் வேண்டுமென்று ஒவ்வொருவராக அவரிடம் தான் வந்தார்கள். அவர் திட்டிய திருடர்கள் சம்பளமில்லாத விற்பனை ஏஜெண்டுகளாகவும் வேலை செய்திருந்தார்கள்! திருச்சிக்காரர் அனுப்பிய நாற்பது பிரதிகளும் நாளைக்கு எனக்கு அப்படியே பலன் தரும் என்று சொல்ல ஆசை தான். ஆனால் மைக்ரோசாஃப்டின் ஜாதகம் எல்லோருக்கும் வாய்த்து விடுமா?

இலவசக் கட்சியும் தோற்றுப் போகவில்லை. லீ-சென் வாங் கேலியாகப் போட்ட அதே 'காப்பிலெஃப்ட்' என்ற வார்த்தை பிற்பாடு நிஜமான கொள்கையாகவே வளர்ந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பார்த்துத் திருத்திப் பகிர்ந்து கொள்ளக் கூடிய புரோகிராம்களே எழுதுவோம் என்று 1983-ல் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற ஒன்றை எழுதி உலகத்துக்குக் கொடுத்தார். 2001-ல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைவர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். 2018-ல் அதே கம்பெனி, இப்படிப்பட்ட பொதுப் புரோகிராம்களை உலகம் முழுவதும் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற களஞ்சியத்தையே விலைக்கு வாங்கியது. புற்றுநோய் ஆஸ்பத்திரியை வாங்கியது போல!

*

இத்தனையும் படித்த பிறகு என் மனத்தில் நிற்பது ஒன்று தான். கேட்ஸ் உழைப்பைப் பற்றிச் சொன்னது நிஜம். எழுதுகிறவனுக்கும் பசி உண்டு. எதிர்க் கட்சியார் சொன்னதும் நிஜம். எந்தக் கெட்டிக்காரனும் பிறர் சும்மா கொடுத்து வைத்ததன் மேல் ஏறி நின்று தான் எதையும் செய்கிறான். நான் எழுதும் தமிழுக்கு நான் யாருக்கு ராயல்டி கொடுத்தேன்? ஆனால், அந்த வாதத்தைச் சொல்லிக் கொண்டே பிறர் நாடாவை எடுத்துப் பிரதி போட்டவர்களுக்கும், உட்கார்ந்து தாங்களே ஒன்றை எழுதி 'இந்தா, எடுத்துக் கொள்' என்று கொடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லையா? புரோகிராம் பொதுச் சொத்து என்று சொல்ல லீ-சென் வாங்குக்குப் பாத்தியதை உண்டு. அவர் தம்முடையதைக் கொடுத்தார். எனக்குப் பாத்தியதை இல்லை. கடைக்காரப் பையன் கொடுத்தது அவன் பொருளுமல்ல, என் பொருளுமல்ல. பிறத்தியார் பொருளில் தர்மம் செய்வது சுலபம்.

2025 ஏப்ரலில், மைக்ரோசாஃப்டுக்கு ஐம்பது வயது நிறைந்ததை ஒட்டி, பில் கேட்ஸ் அந்தப் பழைய ஆல்டேர் பேசிக்கை, எழுதியது எழுதியபடியே, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று இலவசமாக வெளியிட்டார். தாம் எழுதியவற்றிலேயே தமக்கு மிகவும் பிடித்தது அது தான் என்றார். நானும் இறக்கிப் பார்த்தேன். நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் ஓர் இடம் புரிந்தது. கணக்குப் பகுதியை எழுதியவர் டேவிடாஃப், இன்ன பகுதியை ஆலன், இன்ன பகுதியை கேட்ஸ் என்று பெயர் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார்கள். யந்திரத்துக்கு அந்தக் குறிப்பினால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதை அது தாண்டிப் போய் விடும். மனிதர்கள் பார்ப்பதற்காகத் தான் எழுதி வைத்தார்கள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு என் முதல் பக்கத்தின் ஞாபகம் வந்தது. திருச்சிக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. யாரையும் திருடன் என்று சொல்லாமல், ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். "தாங்கள் அனுப்பிய நாவலில் முதல் பக்கம் விட்டுப் போயிருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த நாற்பது பேருக்கும் இதையும் அனுப்பி உதவினால் நன்றி." அந்தப் பக்கத்தில் என் பெயர், பதிப்பகத்தின் விலாசம், விலை மூன்றும் இருக்கின்றன.

அன்று மாலையே பதில் வந்து விட்டது. மிகவும் வருத்தப்பட்டிருந்தார். எல்லோருக்கும் அனுப்பி விட்டதாக எழுதினார். பத்து நாள் கழித்து அவரே டெலிபோனில் கூப்பிட்டார். நாற்பது பேரில் இரண்டு பேர் புத்தகத்தை விலைக்கு வாங்கி விட்டார்களாம். அவர் குரலில் ஒரே உற்சாகம்.

நான் மறுபடியும் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஐந்து. பில் கேட்ஸ் கடிதம் எழுதி ஐம்பது வருஷம் ஆகிறது. அவர் போட்ட கணக்கு இன்னும் தப்பவில்லை. இதை என் மனைவியிடம் சொன்னேன்.

"அந்த முதல் கம்ப்யூட்டர் கணக்கு என்ன ஆயிற்று?" என்றாள்.